ஆறாம் வேற்றுமையும் எண் வரிசையும்: கேள்வி பதில்

‘மரம்’ மட்டும் ‘மரத்தின்’ ஆகிறது, ‘கடல்’ அப்படியே ‘கடலின்’ என்று நிற்கிறதே?

ஒன்று இன்னொன்றுக்கு உரியது என்று காட்டுவது ஆறாம் வேற்றுமை. அதற்குச் சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். மகர மெய்யில் முடியும் அஃறிணைப் பெயர் என்றால் அந்த ‘ம்’ போய் ‘அத்து’ என்ற சாரியை (சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே வரும் இணைப்பு) வரும்: மரத்தின், குளத்தின், படத்தின். கடல், மான், மனிதன் இவற்றில் எதுவும் கெடாது.

சார், வீடு – வீட்டின் என்றால் காசு – காச்சின் என்று வருமா?

வராது. இப்படி இரட்டிப்பவை டகரமும் றகரமும் மட்டுமே: நாட்டின், ஆற்றின், கயிற்றின். அதற்கும் முன்னால் மெய்யெழுத்து நின்றால் இரட்டாது: நண்டின், கன்றின். தெரு, பசு வேறு வகை. அங்கே உகரம் கெடாமல் நிற்கும், நடுவே வகரம் வரும்: தெருவின், பசுவின்.

‘எனது மகன்’ சரியா, ‘என் மகன்’ சரியா?

மரபுப்படி ‘என் மகன்’, ‘என்னுடைய மகன்’. ‘அது’ என்ற உருபு (வேற்றுமையைக் காட்டும் ஒட்டு) அஃறிணை ஒருமைக்கு உரியது: எனது கை, எனது புத்தகம். பன்மைக்கு, பழைய இலக்கண நூலான நன்னூல் சொல்லும் உருபு ‘அ’; அதன்படி ‘என கைகள்’ என்றுதான் எழுத வேண்டும். இன்று அப்படி எழுதினால் அச்சுப்பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள்! ‘எனது கைகள்’ நிலைத்துவிட்டது, நானும் விட்டுவிடுகிறேன். ‘எனது மகன்’ மட்டும் இன்னும் காதில் இடறுகிறது.

என் பையன் ‘நானுடைய’ என்று எழுதுகிறான். எப்படித் திருத்துவது?

நான், நீ, நாம், தான் போன்றவை உருபு ஏற்கும்போது என், உன், நம், தன் என்று மாறும். கொஞ்சம்தானே, மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

2, 3, 5, 8, 12... அடுத்தது என்ன? மகள் ‘முந்தைய இரண்டையும் கூட்டணும்’ என்கிறாள்.

17. பாதி வழி வரை அவள் சொல்வது பொருந்துகிறது: 2+3=5, 3+5=8. ஆனால் 5+8=13, வரிசையில் இருப்பதோ 12. விதி என்றால் கடைசி எண் வரை நிற்க வேண்டும். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எழுதச் சொல்லுங்கள்: 1, 2, 3, 4. அடுத்து 5.

வித்தியாசத்திலும் பிடிபடவில்லை என்றால்?

வகுத்துப் பாருங்கள், 3, 6, 12, 24 அப்படித்தான் சிக்கும். ஏறி இறங்கினால் இரண்டு வரிசை பின்னியிருக்கலாம்: 1, 10, 2, 9, 3, அடுத்து 8.

4, 7, 10, 13... இதில் 50ஆவது எண்ணுக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

வேண்டாம். முதல் எண்ணிலிருந்து 49 முறை 3 கூடுகிறது: 4 + 147 = 151. 50 முறை கூட்டி 154 என்று எழுதுபவர்கள்தான் அதிகம்.

1, 2, 4, 8, 16. அடுத்தது 32 தானே?

வினாத்தாளில் ஆம். ஆனால் ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணையுங்கள். உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டக் கூடாது. ஒன்று முதல் ஐந்து புள்ளிகள் வரை வட்டம் 1, 2, 4, 8, 16 துண்டுகளாகும். ஆறாவது புள்ளிக்கு 31தான். அதனால் ‘ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்கு’ என்று சொல்லாமல் வெறும் எண்களைக் கொடுத்துக் கேட்கும் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. 31 என்று எழுதி, காரணமும் சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தர வேண்டும்.