கணக்குப் பார்ப்பது அவிசுவாசமா?

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் என் கணவரும் கோவையில் ஒரு பேக்கரி நடத்துகிறோம். ஆறு வருடமாக ஓரளவு ஓடுகிறது. இந்த வருடம் பிறந்த ராத்திரி சர்ச்சில் நடந்த வாட்ச்நைட் ஆராதனையில், வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதியிருக்கும் வாக்குத்தத்த அட்டையை அவர் எடுத்தார். அதில் 'உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு' என்று வந்தது. அன்றிலிருந்து இரண்டாவது கடை போட்டே ஆக வேண்டும் என்று நிற்கிறார். அட்வான்ஸ் மட்டும் ஐந்து லட்சம். என் நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார். வாடகை எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு வியாபாரம் ஆனால் கட்டுப்படியாகும் என்று கேட்டேன். "கர்த்தர் சொன்ன பிறகு கணக்குப் பார்ப்பது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்னால் வாய் திறக்க முடியவில்லை. எனக்குத்தான் விசுவாசம் குறைவா? கர்த்தரைச் சார்ந்து திட்டம் போடுவது என்றால் எப்படி அக்கா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் 'வாய் திறக்க முடியவில்லை' என்ற இடத்தில்தான் மனசு போய் நின்றது.

முதலில் அந்த அட்டை. அதை நான் லேசாக நினைக்கவில்லை. என் அம்மா ஒவ்வொரு வருட அட்டையையும் வேதத்துக்குள் வைத்து, வருடம் முழுக்க அதைச் சொல்லி ஜெபிப்பார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வசனத்தைப் பார்த்ததும் மனம் குதித்திருக்கும், அதில் தப்பே இல்லை. ஆனால் அட்டையில் முழு வசனத்துக்கும் இடம் இருக்காது. ஏசாயா 54-ஆம் அதிகாரத்தில் இரண்டாம் வசனத்தை இன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து கடைசிவரை வாசியுங்கள். 'உன் கயிறுகளை நீளமாக்கி, உன் முளைகளை உறுதிப்படுத்து' என்று முடிகிறது. முளை என்பது கூடாரக் கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கிற ஆப்பு. கூடாரம் பெரிதானால் காற்று அதிகமாகப் பிடிக்கும். பழைய முளையை வைத்துக்கொண்டு துணியை மட்டும் விரித்தால் முதல் காற்றிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும். வாடகை, டீ மாஸ்டர் சம்பளம், கரண்ட் பில், பால் பாக்கி, நகைக்கடன் வட்டி, வியாபாரம் சூடு பிடிக்கும்வரை எத்தனை மாதம் கையிலிருந்து போட முடியும் என்பது, இவையெல்லாம்தான் முளை. நீங்கள் கேட்டது வசனத்தின் இரண்டாவது பாதியைத்தான். அதை அவிசுவாசம் என்று எப்படிச் சொல்வது?

இயேசு சொன்ன, கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கிற உவமை அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். அதை எடுத்து வீசி வாதாடாதீர்கள், பிரயோஜனப்படாது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது, ஊர் ஊராகப் போய் சுவிசேஷம் சொன்ன அப்போஸ்தலர் பவுலைப் பற்றி.

ரோமருக்கு எழுதின நிருபத்தின், அதாவது கடிதத்தின், 15-ஆம் அதிகாரத்தில் அவர் தன் பயணத் திட்டத்தையே எழுதுகிறார். முதலில் எருசலேம், அங்கிருந்து ரோமாபுரி வழியாக ஸ்பெயின் தேசம். எருசலேமுக்கு ஏன் போகிறார்? மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் ஏழைகளுக்கென்று சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் ஒப்படைக்க. அந்தப் பணத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், 8-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். யாரும் தன்மேல் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொள்கிறார். கர்த்தருக்கு முன்னால் மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்னாலும் இருக்க வேண்டும் என்கிறார். தரிசனத்தில் ஆண்டவரைப் பார்த்தவர் அவர். "கர்த்தர் என்னிடம் சொன்னார், யாரும் கேள்வி கேட்காதீர்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கணக்கைத் திறந்து வைத்தார்.

அந்தத் திட்டம் என்ன ஆயிற்று? எருசலேமில் கைதானார். ரோமாபுரிக்குப் போனார், ஆனால் காவல் வீரர்களோடு, வழியில் கப்பல் உடைந்து, கைதியாக. அவர் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்ததாக வேதத்தில் எங்கேயும் இல்லை. அதனால் திட்டம் போட்டது தப்பு என்று ஆகிவிடுமா? ரோமாபுரியில் வாடகை வீட்டில் இரண்டு வருடம் இருந்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரசங்கித்தார் என்றுதான் அப்போஸ்தலர் நடபடிகள் முடிகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். 2023 டிசம்பர் 28-ஆம் தேதி என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். ஊர் தாமிரபரணிக் கரை. பத்திரிகையில் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று மேலே போட்டு, கீழே தேதி, நேரம், மண்டபத்துக்குப் போகிற பஸ் எல்லாம் போட்டிருந்தார் அண்ணன். நம்மவர்கள் பத்திரிகை எல்லாமே அப்படித்தானே. 17, 18 தேதிகளில் மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். வடிந்த பிறகு மண்டபத்தைப் போய்ப் பார்த்தால், மேடைவரைக்கும் சேறு.

அண்ணனிடம் ஒரு நீள நோட்டு உண்டு. யார் யாருக்குப் பத்திரிகை வைத்தோம், அவர்கள் போன் நம்பர், எந்த ரயிலில் வருகிறார்கள், பந்தலுக்கும் சமையலுக்கும் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். தண்ணீர் ஏறுகிறபோது வேதத்தோடு சேர்த்து அதையும் பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் ஏற்றியிருந்தார். டவர் கிடைத்த அன்று அதை எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் பெயராகக் கூப்பிட்டார். யார் பத்திரமாக இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டார், பிறகுதான் கல்யாணப் பேச்சு. தேதியை மாற்றவில்லை. எங்கள் சபைக் கோவிலில் கல்யாணம், கோவில் வளாகத்திலேயே சாப்பாடு. எண்ணூறு பேருக்குப் போட்டிருந்த கணக்கு, வந்தது நூற்றைம்பது பேர். அன்று ராத்திரி ஜெபத்தில் அண்ணனுக்குக் குரல் உடைந்தது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளில் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

யாக்கோபு தன் நிருபத்தில் கண்டிக்கிற வியாபாரிகளும் உங்களைப் போலத் திட்டம் போட்டவர்கள்தான். 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்கிறாரே தவிர, திட்டத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்கு, இது நடக்காமலும் போகலாம் என்று ஒப்புக்கொள்வதாகத்தான் எனக்கு அர்த்தம் தெரிகிறது. நடக்காமல் போனால் நகை என்ன ஆகும், பிள்ளைகள் பீஸ் என்ன ஆகும் என்று பேசாதவரைக்கும் அதை நிஜமாக ஒப்புக்கொண்டதாகாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கடை சாத்திய பிறகு, அவர் களைப்பாக இல்லாத ஒரு நாளில், ஒரு நோட்டோடு உட்காருங்கள். முதலில் இரண்டு பேரும் ஜெபியுங்கள். "கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முளை அடிக்க நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். முதல் கடையின் போன இரண்டு வருட வரவு செலவை எழுதுங்கள். புதுக் கடை ஆறு மாதம் நஷ்டத்தில் ஓடினால் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள். அப்படியும் அவர் கோபப்பட்டால், அவர் மதிக்கிற ஒருவரிடம், போதகரோ மூத்த வியாபாரியோ, அந்த நோட்டைக் காட்டலாம் என்று கேளுங்கள். அது முடியும்வரை நகையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் நகை, நீங்களும் சம்மதித்துத்தான் கொடுக்க வேண்டும். இதில் குற்ற உணர்ச்சிப்பட ஒன்றும் இல்லை.

அட்வான்ஸுக்கு நாள் சொல்லிவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறேன். உட்கார்ந்து பேசியதும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா