நெட்வொர்க் பாடத்துக்கு நாற்பதாயிரம் கட்டலாமா?

கேள்வி: மகள் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. டேட்டா கம்யூனிகேஷன் பாடம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை என்கிறாள். பக்கத்துத் தெருப் பயிற்சி மையத்தில் சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் வகுப்பும் சான்றிதழும் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாயாம். இந்த வாரமே கட்டினால் சலுகையாம். சேர்த்துவிடலாமா?
வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. மையம் தருகிற சான்றிதழ் வேறு, நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் தருகிற சி.சி.என்.ஏ. வேறு. சிஸ்கோவுடையது வேண்டுமென்றால் 200-301 என்ற தேர்வைத் தனியாக எழுத வேண்டும். கட்டணம் 300 டாலர், வரி தனி. அந்தச் சான்றிதழும் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். இரண்டாம் ஆண்டிலேயே வாங்கிவைத்தால், வேலை தேடும் நேரத்தில் அதில் கணிசமான காலம் ஓடியிருக்கும்.

மகளுக்கு இப்போது தேவை அடிப்படை. ஃபோரோசான் எழுதிய 'டேட்டா கம்யூனிகேஷன்ஸ் அண்ட் நெட்வொர்க்கிங்' போதும். படங்கள் நிறைய, முதல்முறை படிப்பவருக்கு ஏற்றது. அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். நான்காம் பதிப்பு கிடைத்தாலும் சரி. சிக்னல், பிழை கண்டறிதல், ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தருகிற எண்) எல்லாம் மாறவில்லை. வைஃபை, பாதுகாப்புப் பகுதிகள்தான் பழசாகியிருக்கும். வாங்கும் முன் ஐ.பி. முகவரி அத்தியாயத்தைப் பிரித்துப் பாருங்கள். பயிற்சிக் கணக்குகளுக்கு யாராவது பேனாவில் விடை எழுதியிருந்தால் வேறு பிரதி கேளுங்கள். 192.168.1.0/26 என்றால் எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம்? /26 என்றால் மொத்தம் 64 முகவரிகள். அதில் முதலும் கடைசியும் கருவிகளுக்குத் தரக்கூடாது, அவை போக 62. இதை அவளே போட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் பயப்படுகிற இடமே இதுதான்.

மற்றதெல்லாம் இலவசம். என்.பி.டி.இ.எல். என்ற இலவசப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. காரக்பூர் ஆசிரியர்களின் கணினி வலையமைப்பு வகுப்புகள் வீடியோவாக இருக்கின்றன. சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருளில் ரவுட்டர், ஸ்விட்ச் எதுவும் வாங்காமலே திரையில் இணைத்துப் பழகலாம். அப்புறம் வயர்ஷார்க், இணைப்பில் போய்வருகிற தகவலைத் திரையில் காட்டும் மென்பொருள். வீட்டு இணைப்பில் அதை ஓடவிட்டு ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால், எஸ்.ஒய்.என்., எஸ்.ஒய்.என்.-ஏ.சி.கே., ஏ.சி.கே. என்று இரண்டு கணினிகள் டி.சி.பி. முறையில் பேசத் தொடங்குகிற மூன்று வரிகளும் கண்ணெதிரே வரும். பத்துப் பக்கம் படித்தும் புரியாதது அப்போது புரிந்துவிடும். ஆனால் சொந்த இணைப்பில் மட்டும். கல்லூரி, ஆபீஸ் வைஃபையில் வேண்டாம்.

கடைசி ஆண்டில் வகுப்பு தேவைப்பட்டால் மாதிரி வகுப்பில் மகளை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, தவணையாகக் கட்டுங்கள். தேர்வுக் கட்டணம் அடக்கமா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.