பழைய ஹைலக்ஸ் பிக்கப்பைக் குறைந்த செலவில் உயர்த்த எது நல்ல வழி?

2003 ஹைலக்ஸ், நான்கு சக்கர இயக்கம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினசரி ஓட்டம், பாதையின் நடுமேடு வண்டியின் அடியில் இடிக்கிறது, மூன்று அங்குலம் உயர்த்த வேண்டும், கையில் பெரிய காசு இல்லை. நீங்கள் கேட்டிருப்பது இதுதான். என்னிடமும் அதே தலைமுறை ஹைலக்ஸ்தான் இருக்கிறது. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கர் செம்பனைக்கும், பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் குலைகளை எடை போடக் கொண்டுபோவதற்கும் அந்த வண்டிதான். அதை ஒரு முறை தப்பாக உயர்த்தி, பிறகு சரியாக உயர்த்தினேன். இரண்டையும் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். மேடு உரசிய இடத்தில் மண் ஒட்டாது, இரும்பு பளபளவென்று தெரியும். அந்தத் தழும்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் காசை எங்கே போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பின் அச்சின் நடுவில் இருக்கும் உருண்டையான டிஃபரன்ஷியல் உரசியிருந்தால், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் இல்லை. அச்சு சக்கரத்தோடு சேர்ந்து தரையிலிருந்து அதே உயரத்தில்தான் நிற்கும். உடம்பு மட்டும் மேலே போகும். அந்த உருண்டையை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி, அதிலும் டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். உதாரணமாக, 255/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 738 மில்லிமீட்டர். 31 அங்குல டயருக்கு மாறினால் 787. கூடியது 49, அச்சு உயர்வது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம்கூட முழுசாக இல்லை. அப்புறம் மீட்டர் 90 காட்டும்போது வண்டி 96இல் ஓடிக்கொண்டிருக்கும், நெடுஞ்சாலையில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தழும்பு புகைக்குழாயிலோ, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலோ, பக்கவாட்டுப் படியிலோ, பின் கொக்கியிலோ இருந்தால் ஸ்பிரிங் வேலை உதவும். படியும் கொக்கியும் மட்டும்தான் இடிக்கின்றன என்றால் அவற்றைக் கழற்றி வையுங்கள். அரை மணி நேர வேலை, செலவே இல்லை.

அடுத்தது அளவு. காற்றைச் சரியாக அடைத்து, பின்பெட்டியைக் காலி செய்து, சமதளத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். டயரையோ தரையையோ கணக்கில் சேர்க்காத அளவு இது. பிறகு குலை ஏற்றாத, அதே மாடல் வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து அதையும் அளந்து பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அப்படி ஒன்று இருந்தது. அவர் வண்டியில் பின்பக்கம் 52 சென்டிமீட்டர். என்னுடையதில் இடப்பக்கம் 47, வலப்பக்கம் 47.5. இருபது வருடங்களாக டன் கணக்கில் குலை சுமந்த பட்டை ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய பின்பக்க ஸ்பிரிங்) தட்டையாகிவிட்டது. என் வண்டி தாழ்வாகச் செய்யப்பட்ட வண்டி அல்ல, தாழ்ந்துபோன வண்டி. உங்களுடையதும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் கேட்கும் மூன்று அங்குலத்தில் பாதிக்கு மேல் அந்த வண்டிக்கு ஏற்கெனவே சொந்தமானது.

இந்தக் கணக்கு எனக்கு முதலில் தெரியவில்லை. ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, முன்பக்க டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் எடையைத் தாங்கும் நீளக் கம்பி) போல்ட்டை முடிந்தவரை முறுக்கி, பின்பக்கம் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே மூன்று அங்குல இரும்புக் கட்டை வைத்தேன். ஒரே மதியத்தில் முடிந்த வேலை. வண்டி கம்பீரமாக நின்றது, எனக்கும் மனசு நிறைந்திருந்தது. நான்கு மாதத்துக்குள் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியது. முன் டயர்களின் வெளி ஓரம் வழுக்கையானது. அதையெல்லாம்கூடச் செலவு என்று விட்டுவிடலாம். பிரேக் விஷயத்தை அப்படி விட முடியாது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், பின்பெட்டி நிறைய குலையோடு எடை போடும் இடத்துக்கு இறங்கும் சரிவில் பிரேக் பிடித்தேன். வண்டியின் மூக்கு தாழ்ந்தது, முன் சக்கரம் சறுக்கியது, பின்பக்கம் பிடிக்கவே இல்லை. வடிகால் விளிம்பில் போய் நின்றது. என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்ப் பட்டறை மாமா. இந்த வகை ஹைலக்ஸில் பின் சேசியில் ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகிறது. சுமை ஏறினால் உடம்பு தாழும், அச்சுக்கும் சேசிக்கும் உள்ள இடைவெளி குறையும், கம்பி அதை வால்வுக்குச் சொல்லும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். சுமை இல்லாதபோது இடைவெளி அதிகம், அழுத்தம் குறைவு, காலிப் பெட்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. நான் மூன்று அங்குலக் கட்டை வைத்ததும் அந்த இடைவெளி நிரந்தரமாகக் கூடிவிட்டது. குலை நிறைந்திருந்தாலும் வால்வைப் பொறுத்தவரை வண்டி காலி! கம்பியின் தாங்கியை உயர்த்திய அளவுக்குச் சரிசெய்திருக்க வேண்டும், அதை யாரும் செய்யவில்லை. எந்த முறையில் உயர்த்தினாலும் சரி, பட்டறையில் முதலில் இந்தக் கம்பியைக் காட்டிக் கேளுங்கள். அவர்களுக்குப் புரியவில்லை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

இனி நான் இரண்டாவது முறை செய்தது. கட்டைகளை எடுத்தேன். கம்பெனி உயரத்திலேயே புதிய பட்டை ஸ்பிரிங் இரண்டு செட், புதிய ரப்பர் புஷ், பட்டையை அச்சோடு கட்டும் புதிய யூ போல்ட். அவ்வளவுதான் பின்பக்கம். அளவு 52க்கு வந்தது. உயர்த்தும் கிட் எதுவும் வாங்காமலே நாலரை, ஐந்து சென்டிமீட்டர் திரும்பக் கிடைத்தது, பிரேக் வால்வும் அது இருக்க வேண்டிய உயரத்தில் நின்றது. நாலு நல்ல டயர் வாங்கும் காசைவிடக் குறைவாகத்தான் ஆனது.

புதிய செட்டுக்கும் கையில் காசு இல்லை என்றால், பட்டை ஸ்பிரிங் வேலை மட்டும் செய்யும் பட்டறையில் பழைய பட்டைகளைக் கழற்றி மறுபடி வளைத்துத் தருவார்கள். மலிவான வழி, ஆனால் சுமை வண்டிக்கு அது நாளடைவில் மறுபடி தாழும். கூடுதலாக ஒரு பட்டை செருகுவது இன்னொரு வழி. குலை ஏற்றும்போது நன்றாகத் தாங்கும், காலியாகப் போகும்போது தூக்கித் தூக்கிப் போடும். தினமும் சுமை ஏற்றுபவருக்கு இது நியாயமான தேர்வு, பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அதே வண்டி என்றால் யோசியுங்கள். பட்டையின் முனையைச் சேசியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாகப் போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி உயர்வது ஓர் அங்குலம்தான், அச்சின் சாய்வும் கொஞ்சம் மாறும். எனக்கு அதில் விருப்பம் இல்லை.

இரும்புக் கட்டையை நான் முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம், ஒரே துண்டாக வார்த்த கட்டை, பட்டைகளைக் கோக்கும் நடு ஊசி சரியாக உட்கார்ந்து, அதற்கேற்ற நீளத்தில் புதிய யூ போல்ட் என்றால் பின்பக்கத்துக்குப் பரவாயில்லை. கட்டை உயர உயர, வண்டி இழுக்கும்போது அச்சு அதை நெம்புகோல்போல் பிடித்துப் பட்டையை முறுக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதும், மரக்கட்டை வைப்பதும், முன் அச்சில் வைப்பதும் கூடவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

முன்பக்கத்துக்கு வருவோம். நம் இருவரிடமும் உள்ள இந்தத் தலைமுறை நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான டார்ஷன் பார் முறுக்கித்தான் எடையைத் தாங்குகிறது. அதன் பின்முனையில் உள்ள போல்ட்டை முறுக்கினால் மூக்கு உயரும், பொருள் செலவு இல்லை. அதனால்தான் எல்லோரும் அதில் கை வைக்கிறார்கள். முறுக்கினால் பார் கடினமாகிவிடுகிறது என்று பலர் சொல்வார்கள், அது உண்மையில்லை. சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்துபோகிறது, சின்னக் குழியில்கூடச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை ரப்பர் தடுப்பில் மோதுகிறது, அந்த மோதல்தான் நமக்குக் கடினமாகத் தெரிகிறது. ஆகவே மேல் கைக்கும் அந்த ரப்பருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் முறுக்கியது அதிகம்.

தாழ்ந்ததை மீட்ட பிறகு மேலே ஓர் அங்குலம் போதும், மிஞ்சினால் ஒன்றரை. முதலில் போல்ட்டில் வெள்ளை பெயின்ட்டால் குறி போட்டு, வெளியே தெரியும் புரிகளை எண்ணி எழுதுங்கள். முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தொங்கும் நிலையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். இறக்கியதும் அளக்காதீர்கள். பத்து மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி அமர்ந்த பிறகு அளந்து பாருங்கள். அன்றைக்கே அலைன்மென்ட் செய்துவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் டயர் தேயும். முன் சக்கரத்தில் கையால் பூட்டும் ஹப் இருந்தால் டிரைவ் ஷாஃப்ட் சாதாரண ஓட்டத்தில் சுழலாது, ரப்பர் உறை கொஞ்சம் பிழைக்கும். அந்த ஹப் இல்லாத வண்டியில் ஷாஃப்ட் எப்போதும் சுழலும், அப்படியென்றால் ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காசு சேர்த்து முழு கிட் வாங்க முடிந்தால் ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு போன்றவை 40, 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தருகின்றன. நல்ல பொருள், பழைய வண்டியின் மதிப்புக்கு அது பெரிய செலவு. உடம்புக்கும் சேசிக்கும் நடுவே கட்டை வைக்கும் பாடி லிஃப்ட் உங்களுக்கு வேண்டாம். சேசியும் குறுக்குச் சட்டமும் புகைக்குழாயும் இருந்த இடத்திலேயே இருக்கும், உங்கள் நடுமேடு அதே இடத்தில்தான் இடிக்கும்.

வண்டியின் அமைப்பை மாற்றுவதில் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) விதிகள் உண்டு. வண்டியை விற்றுப் பெயர் மாற்றும்போது பரிசோதனைக்கும் போக வேண்டியிருக்கும். கம்பெனி உயரத்துக்கு மீட்பதில் எந்தச் சிக்கலும் வராது. அதற்கு மேல் போவதென்றால் ஜேபிஜே கிளையில் நேரில் கேட்டுவிட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வண்டியைத் தூக்கி நான்கு சக்கரங்களையும் தொங்கவிடச் சொல்லிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது, அச்சின் எடை அப்சார்பரில் தொங்கக் கூடாது. யூ போல்ட்டை 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள், புதியது கட்டாயம் கொஞ்சம் தளரும். கடைசியாக ஹெட்லைட். மூக்கு உயர்ந்தால் வெளிச்சமும் உயரும். எங்கள் பாதையில் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் எதிரே வருவார்கள், சிலர் பின்னால் பிள்ளையையும் உட்காரவைத்து. விளக்கின் பின்னால் உள்ள திருகைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, வெளிச்சத்தைப் பழைய உயரத்துக்கு இறக்கிவிட்டுப் பிறகு வண்டியை வெளியே எடுங்கள்.