பிரிட்டனில் இரண்டு விரலைத் திருப்பிக் காட்டித் திட்டும் வழக்கம் ஏன் குறைந்தது?

நடுவிரல் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்து, புறங்கை எதிராளிக்குத் தெரிகிற மாதிரி விருட்டென்று மேலே தூக்கினால் அங்கே அது கெட்ட வசவு. உள்ளங்கை தெரிந்தால் வெற்றிக்குறி. (நம்மூரில் எப்படித் திருப்பினாலும் இரட்டை இலைதான், வம்பே இல்லை.) 1941-இல் வெற்றிக்குறியைப் பிரபலமாக்கிய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலே சில படங்களில் கையை மாற்றிப் பிடித்திருக்கிறார்!

இந்த வசவு எங்கிருந்து வந்தது? 1415-இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கில வில்லாளிகள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டியது என்பார்கள். ஆதாரமில்லாத கதை. 1901-இல் இங்கிலாந்தின் ராதர்ஹாமில் ஓர் இரும்பாலை வாசலில் எடுத்த படச்சுருளில், கேமராவைக் கண்டு கடுப்பான ஒரு தொழிலாளி இதைக் காட்டுவது பதிவாகியிருக்கிறது. அதுதான் நம்பத்தகுந்த சாட்சி.

1971-இல் குதிரையேற்ற வீரர் ஹார்வி ஸ்மித் ஜெயித்த கையோடு நடுவர்கள் பக்கம் இரண்டு விரலைக் காட்டினார். பட்டத்தைப் பறித்தார்கள். "அது வெற்றிக்குறி" என்று சாதித்தார். இரண்டே நாளில் பட்டம் திரும்பி வந்தது. நடுவிரலைக் காட்டிவிட்டு இப்படித் தப்பிக்க முடியாது!

அப்புறம் ஏன் தேய்ந்தது? அமெரிக்கப் படங்களும் தொலைக்காட்சியும்தான் முக்கியக் காரணம் என்பேன். நடுவிரல் ஊர் உலகத்துக்கே புரியும்; இது பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தாண்டினால் பெரும்பாலும் செல்லாக்காசு. எமோஜியிலும் நடுவிரல் உண்டு, வெற்றிக்குறி உண்டு, திருப்பிய இரட்டை விரல் கிடையாது. இன்றைய பிள்ளைகள் செல்ஃபியில் புறங்கை தெரிய அதையே ஸ்டைலாக வைத்துச் சிரிக்கிறார்கள்.