பிரித்தானியாவில் தேர்தல் முறையை மாற்றக் கேட்ட சர்வசன வாக்கெடுப்பு தோற்ற பிறகு மக்களுக்கு ஏன் இவ்வளவு கொதிப்பு?

ஒரு கேள்விக்கு நாட்டு மக்கள் எல்லோரும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று நேரடியாக வாக்களிப்பதுதான் சர்வசன வாக்கெடுப்பு. பிரித்தானியாவில் 2011 மே 5 அன்று கேட்ட கேள்வி இது: தொகுதியில் கூடுதல் வாக்கு எடுத்தவரே வெற்றி என்ற முறையை விட்டு, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறைக்குப் போகலாமா? வாக்களித்தவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். வாக்களிக்க வந்ததே 42 சதவீதம்தான்.

தோற்றது மட்டும் காரணமல்ல. 2010இல் லிபரல் டெமோக்ரட் கட்சி 23 சதவீத வாக்கு எடுத்தும், 650 ஆசனங்களில் 57தான் கிடைத்தது. இது அநியாயம் என்றவர்களில் பலர் கேட்டது விகிதாசாரம், அதாவது வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனம் தரும் முறை. வாக்குச்சீட்டில் வந்ததோ கன்சர்வேடிவ் கட்சியும் லிபரல் டெமோக்ரட்டும் சேர்ந்த கூட்டணி அரசின் சமரசம். விகிதாசாரம் என்ற தெரிவே அதில் இல்லை.

வவுனிக்குளத்துக் கமக்காரர் கூட்டத்தில், தண்ணீர் திறந்துவிடும் முறையை மாற்ற ஒரேயொரு திட்டத்தை வைக்கிறார்கள் என்று வையுங்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவருக்குப் பழைய முறையிலும் தண்ணீர் எட்டாது, புதியதிலும் எட்டாது. அவர் ‘வேண்டாம்’ என்று கை தூக்குகிறார். ‘பழைய முறையே போதுமாம்’ என்று கூட்டக் குறிப்பில் எழுதினால் அவருக்கு எப்படி இருக்கும்? 2015 பிரித்தானியத் தேர்தலில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகக் கேட்ட யூகிப் கட்சி 12.6 சதவீத வாக்கோடு ஒரே ஆசனம் பெற்றபோது அந்தக் கொதிப்பு மறுபடி கிளம்பியது. அது நியாயமான கொதிப்பு.

அந்த வரிசை முறையை, நாங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் பாராளுமன்றத் தேர்தலுக்குப் போடும் விருப்பு வாக்கு என்று பலர் நினைக்கிறார்கள்; அதல்ல, 2024இல் இரண்டாவது எண்ணிக்கை வரை போன எங்கள் ஜனாதிபதித் தேர்தலின் 1, 2, 3 முறைக்குத்தான் அது கிட்ட.