"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று மாணவி கேட்டால்

நீங்கள் தன்னார்வலராக நடத்தும் பள்ளி மதிய இடைவேளை ஜெபக்குழுவில் ஒரு மாணவி, வீட்டில் அடி விழுவதைச் சொல்லி, ரகசியமாக வைக்கக் கேட்டாள் என்கிறீர்கள். அதை இன்றே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் தலைமையாசிரியரிடம். மதிய இடைவேளை ஜெபக்குழுவில் ஒரு மாணவி, வீட்டில் அடி விழுவதைச் சொல்லி, ரகசியமாக வைக்கக் கேட்டாள் என்கிறீர்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாலும் அதை உங்களால் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது.

முதலில் அவளிடமே பேசுங்கள்: யாரிடம், எதற்காகச் சொல்லப்போகிறீர்கள் என்று. மறைவில் செய்தால்தான் நம்பிக்கை உடையும். துருவித் துருவிக் கேட்காதீர்கள். விசாரணை உங்கள் வேலையன்று. திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அவளை நோகடிக்கும், பின்னாளில் சாட்சியத்தையும் குழப்பும். அவள் சொன்ன சொற்களையே தேதி, நேரத்துடன் எழுதிக் கொடுங்கள்.

குழு தொடங்கும்போதே ரகசியத்தின் எல்லையை, அதாவது எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதை, நீங்கள் ஒருவேளை சொல்லாமல் விட்டிருக்கலாம். திருச்சபையோ பள்ளியோ தந்த தன்னார்வலர் விதிகளில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோரிடம் நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள். அடிப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். இன்று வீடு திரும்பவே அவள் பயந்தால், யாருக்காகவும் காத்திராமல் காவல்துறையை அழையுங்கள்.

அவளுக்காக ஜெபியுங்கள், நிச்சயமாக. குழுவின் ஜெப வேண்டுதல்களில் மட்டும் அவள் பெயர் வரக்கூடாது, ஜாடையாகக்கூட.