கேன்வாஸ் ஒட்டுன கேடயத்துக்கு எந்த பெயிண்ட் அடிக்கலாம்? எனாமல் போதுமா?

பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு ரோமன் சோல்ஜர் கேடயம், பிளைவுட் மேல கேன்வாஸ் ஒட்டியாச்சு, செவப்பு எனாமல் அடிச்சா போதுமான்னு கேட்டிருக்கீங்க. எனாமல் வேணாங்க. ராயபுரத்துல சர்ச் நாடகத்துக்கு சாமான் செஞ்சு குடுக்குற ஆளா சொல்றேன், எக்ஸ்டீரியர் அக்ரிலிக் எமல்ஷன் வாங்குங்க, அதாவது வெளிச்செவுத்துக்கு அடிக்கிற, தண்ணி கலக்குற பெயிண்ட், அதுவும் பளபளப்பு இல்லாத மேட் பினிஷ்.

எனாமல் காய காய இறுகிக்கிட்டே போகும், துணி அப்படி இல்ல, ஈரக்காத்துல ஒரு மாதிரி வெயில்ல ஒரு மாதிரி இழுக்கும், அதனால விளிம்புல துணி மடிச்ச எடத்துலயும் ஈட்டி படுற எடத்துலயும் மொதல்ல வெடிப்பு விடும், அப்புறம் செதில் செதிலா உரியும். அக்ரிலிக் காஞ்சப்புறமும் துணியோட சேர்ந்து வளைஞ்சு குடுக்கும். எனாமல் பளபளப்பு வேற ஸ்டேஜ் லைட்ல கண்ண கூசும், போட்டோ எடுத்தா கேடயத்துல வெள்ளத் திட்டுதான் தெரியும்.

ஆனா பெயிண்ட விட முக்கியம் அதுக்கு அடியில என்ன இருக்குங்கறது. வெறும் கேன்வாஸ் மேல நேரா அடிச்சா துணி குடிச்சிட்டே இருக்கும், டப்பாதான் காலி ஆகும். பெவிகால்ல தண்ணி கலந்து துணி முழுக்க ஒரு கோட் ஊற விடுங்க. நல்லா காஞ்சதும் அதே பெவிகால் தண்ணில சாக் பவுடர் கொழச்சு மெல்லிசா ரெண்டு கோட், நடுவுல லேசா உப்புத்தாள் போடுங்க. செவுத்துக்கு போடுற பட்டி மட்டும் போடவே போடாதீங்க, கேடயத்த ஒரு தடவ கீழ போட்டா அது பாளம் பாளமா கொட்டிடும். பின்பக்கமும் ஒரு கோட் அடிச்சிடுங்க, முன்னாடி மட்டும் அடிச்சா பிளைவுட் ஒரு பக்கமா வளையும், நம்ம கடக்கர ஈரத்துக்கு சொல்லவே வேணாம்.

கலர் விஷயத்துல நெறைய பேர் ஏமாறுறாங்க. வெள்ள எமல்ஷன் வாங்கி செவப்பு ஸ்டெய்னர், அதாவது பெயிண்ட்ல கலக்குற கலர் திரவம், ஊத்துனா ரோஸ் கலர்தான் வரும், இன்னும் ஊத்துனா ஒழுங்கா காயாது, கைல ஒட்டும். பெயிண்ட் கடையில டீப் பேஸ்ல, அதாவது அடர் கலருக்குன்னே வர்ற வெள்ள கம்மியான பெயிண்ட்ல, மிஷின்ல கலந்து குடுங்கன்னு கேளுங்க. எனக்கு புடிச்சது செங்காவி, அதாவது ரெட் ஆக்சைடு நெறம், அடியில இருக்குறத நல்லா மூடும், வெயில்ல வெளுக்காது. பளிச்சுன்னு ரத்தச் செவப்பு வேணும்னா அதுக்கு அடியில செங்காவி ஒரு கோட் அடிச்சுட்டு மேல போடுங்க, இல்லன்னா எத்தன கோட் அடிச்சாலும் வெள்ள தெரியும்.

கேன்வாஸ் ஒட்டுறது நாடகத்துக்காக நாம பண்ற வேலன்னு நெனைக்காதீங்க. கி.மு. 2ஆம் நூற்றாண்டு கிரேக்க வரலாற்று ஆசிரியர் போலிபியஸ், ரோமன் கேடயத்துல பலகைய ரெண்டு அடுக்கா பசை போட்டு ஒட்டி, மேல மொதல்ல துணி அப்புறம் கன்னுக்குட்டித் தோல் போர்த்துவாங்கன்னு எழுதிருக்காரு. சிரியாவுல துரா யூரோபோஸ்ல கெடச்ச 3ஆம் நூற்றாண்டு கேடயம் இப்ப அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி ஆர்ட் கேலரில இருக்கு, செவப்பு மேல கழுகு, சிங்கம், றெக்க வெச்ச வெற்றி தேவதைன்னு அவ்ளோ வேல! நெட்ல படம் கெடைக்கும், பசங்களுக்கு காட்டுங்க, அந்த கழுக பாத்து வரையச் சொல்லுங்க, மஞ்சள் ஓக்கர்ல வரைஞ்சா போதும், கோல்டு பெயிண்ட் தேவையே இல்ல.

ஏற்கனவே எனாமல் அடிச்ச பழைய கேடயம் இருந்தா அது மேல நேரா எமல்ஷன் ஒட்டாது, நல்லா தேச்சு பிரைமர் அடிக்கணும். லாரி தார்பாய்ல வர்ற மெழுகு கேன்வாஸ்னா எதுவுமே ஒட்டாது, துணியையே மாத்திடுங்க. நாடகம் முடிஞ்சு எடுத்து வெக்கும்போது ரெண்டு கேடயத்த முகத்தோட முகம் சேத்து வெக்காதீங்க, நம்ம ஊரு சித்திர வெயில்ல அக்ரிலிக் எளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நிக்க வெச்சு நடுவுல பட்டர் பேப்பர் சொருகிடுங்க.